தேடத் தெரிந்த பெண்ணை ஏன் கோடிங்குக்குத் தள்ளுகிறீர்கள்?

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்கில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் பேசி வைத்துவிட்டாராம் பெரியப்பா. மகளோ வரலாறு படிக்கிறேன் என்கிறாள். "நாள் முழுக்க கம்ப்யூட்டர்லதான் இருக்கா, அதையே படிக்கச் சொன்னா ஏன் அழறா?"

பதறாதீர்கள் அம்மா, எந்தக் கதவும் மூடிவிடவில்லை. ஆனால் அந்த சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

மகள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் நிரல் எழுதவில்லை, தேடுகிறாள். "பிரவுசர் முழுக்க என்னென்னமோ போட்டு வச்சிருக்கா" என்று நீங்கள் புகாராகச் சொன்ன பட்டியலைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு கருவிகள். யுபிளாக்லிஸ்ட் வைத்திருக்கிறாள்: ஒரு குப்பைத் தளத்தை ஒருமுறை தடுத்துவிட்டால் தேடல் முடிவுகளில் அது மறுபடி தலைகாட்டாது. அன்பேவால் வைத்திருக்கிறாள்: காசு கேட்கும் ஆய்வுக்கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி வேறெங்காவது இருந்தால், ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். அழிந்துபோன பக்கங்களின் பழைய நகலை எடுக்க வேபேக் மெஷின். எடுத்த கட்டுரையின் ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சேர்த்து வைக்க ஜோட்டேரோ. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து, அவை முன்பு எங்கே வந்தவை என்று பார்க்க இன்விட். செய்திகளைச் சரிபார்க்கும் பத்திரிகையாளர்கள் பயன்படுத்தும் கருவி அது.

இன்னொன்று. எக்ஸ்டென்ஷன் என்ன அனுமதி கேட்கிறது, யார் செய்தது என்று பார்த்துத்தான் சேர்க்கிறாள், வேண்டாததை நீக்கிவிடுகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற பிரபல எக்ஸ்டென்ஷன் கைமாறிய பிறகு, அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021இல் கூகுள் அதை நீக்கியது. இந்த எச்சரிக்கை பெரியவர்கள் பலரிடம்கூட இல்லை.

இந்தக் குணத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: நூலக, தகவல் அறிவியல். புத்தகம் அடுக்கும் வேலை என்று பெரியப்பா சொல்வார். ஆனால் இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கான ஐந்து விதிகளை 1931இல் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. உங்கள் மகள் போட்டு வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் செய்வது அதைத்தான்.

முதலில் அவள் விரும்பும் வரலாற்றை ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கட்டும். எந்தப் பட்டத்துக்குப் பிறகும் நூலக அறிவியலில் சேரலாம். சென்னை, அழகப்பா பல்கலைக்கழகங்களில் துறை இருக்கிறது. இக்னோவில் தொலைநிலையிலும் படிக்கலாம். நான் குறி வைக்கச் சொல்வது பெங்களூரை. ரங்கநாதன் 1962இல் தொடங்கிய டி.ஆர்.டி.சி. என்ற ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையம் அங்கே இருக்கிறது, இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பகுதியாக. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு, நுழைவுத் தேர்வு உண்டு. கல்விக் கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைத்து வந்த இடம். சேரும் ஆண்டில் விதிகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை? நூலக அறிவியலில் முதுநிலையோடு, தேசியத் தகுதித் தேர்வான 'நெட்'டும் முடித்தவர்கள் கல்லூரி நூலகர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஊதிய விதிப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், உதவிப் பேராசிரியருக்கு உள்ளதேதான். காலியிடங்கள் குறைவு, போட்டி உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் மருத்துவ ஆய்வு நிறுவனங்கள், சட்ட அலுவலகங்கள், பத்திரிகை ஆவணக் காப்பகங்கள், டிஜிட்டல் நூலகங்கள் என்று தேடத் தெரிந்தவர் தேவைப்படும் இடங்கள் வேறும் இருக்கின்றன.

சீட்டுக்காக நிலத்தை அடமானம் வைப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். பிடிக்காத படிப்பில் அரியர் விழுந்தாலும் வட்டி நிற்காது. கட்டப்போவது பெரியப்பா அல்ல, நீங்கள்.

இந்த வாரமே அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள். அப்புறம் ஒரு மாலை மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டி.ஆர்.டி.சி. நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள்களைத் தேடித் தரச் சொல்லுங்கள். பெரியப்பாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.