என் வீட்டின் மேல் யாரோ பொய் லீன் பதிந்துவிட்டார். கவுண்டி அலுவலகம் அதை எப்படி வாங்கிக்கொண்டது? இனி என்ன செய்வது?

டெக்சாஸில் உங்களுக்கு ஒரு வாடகை வீடு, நீங்கள் வழக்குப் போட்டுக் காலி செய்ய வைத்த வாடகைக்காரர், 60,000 டாலர் பாக்கி என்று அவர் பதிந்துவிட்ட ஒரு தாள். கேள்வியில் இவ்வளவும் இருக்கிறது. அதே மாநிலத்தில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்தில், அதாவது சொத்துப் பத்திரங்கள் பதியும் இடத்தில், ஏழு வருடம் பதிவு கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். வக்கீல் இல்லை. உங்கள் கோபத்தில் பாதி அந்த நாற்காலி மேல்தான் என்று தெரிகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லீன் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அடமானம், ஜப்தி எல்லாம் வருமே, அந்த வகை. இது தீராமல் வீட்டை விற்கவும் முடியாது, கடனை மாற்றி வாங்கவும் முடியாது.

ஒரு தாள் கவுன்டருக்கு வந்தால் நாங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். படிக்கும்படி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, நோட்டரி சான்று இருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. நோட்டரிக்கும் கிடையாது. இந்த ஆள்தான் என் முன்னால் வந்து கையெழுத்துக்குப் பொறுப்பேற்றார் என்பதற்கு மட்டும்தான் அந்த முத்திரை. ஆனால் முத்திரையைப் பார்த்தவுடன் அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று எல்லோருக்கும் ஒரு பயம் வந்துவிடும். பொய் பதிகிறவர் கணக்குப் போடுவதும் அந்தப் பயத்தை வைத்துத்தான்.

இதில் ஒரு தனி ரகம் உண்டு. சாவரின் சிட்டிசன் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், அதாவது அரசின் சட்டம் தங்களைக் கட்டாது என்பவர்கள். 1933இல் அமெரிக்கா தங்க நாணய முறையைக் கைவிட்டபோது ஒவ்வொரு குடிமகனின் பெயரிலும் ரகசியக் கணக்கு ஒன்று தொடங்கப்பட்டது என்றும், பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் அது அந்த மனிதரையே குறிக்காது என்றும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தாள்களைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். பெயருக்கு நடுவில் காற்புள்ளியும் முக்காற்புள்ளியும் வரும், மூலையில் தபால்தலை ஒட்டியிருக்கும், கையெழுத்தின் மேல் சிவப்பு மையில் கட்டைவிரல் ரேகை இருக்கும். கேட்கும் தொகை கோடிகளில். போக்குவரத்து அபராதம் எழுதிய போலீஸ்காரர், தீர்ப்புச் சொன்ன நீதிபதி, வரி அதிகாரி என்று எதிர்ப்பட்டவர் மேலெல்லாம் பதிவார்கள். மினசோட்டாவில் ஒரு தம்பதி ஷெரீப், வக்கீல்கள் என்று பலர் மேல் பதிந்த தொகையைக் கூட்டினால் 25,000 கோடி டாலருக்கு மேல் வந்தது. 2013இல் இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. கூட்டரசு நீதிபதி, அதிகாரிகள் மேல் பொய் லீன் பதிந்தால் பத்து ஆண்டுவரை சிறை என்று 2008 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் தனியாக இருக்கிறது.

உங்கள் கதை அந்த ரகம் இல்லை. காலி செய்ய வைத்த வாடகைக்காரர், பிரிந்த துணை, சண்டை போட்ட பங்காளி இவர்கள் கொண்டுவரும் தாளில் ரேகையும் இருக்காது, தபால்தலையும் இருக்காது. ஒரே பக்கம், நறுக்கென்று, நோட்டரி முத்திரையோடு. அப்படி ஒன்றை நானே வாங்கி முத்திரை குத்தியிருக்கிறேன். எட்டு மாதம் கழித்து அந்த வீட்டின் உரிமையாளர் வந்தார். நம் ஊர்க்காரர், அறுபது வயது இருக்கும். வீடு விற்பனை கடைசிக் கட்டத்தில் டைட்டில் கம்பெனியின் (வில்லங்கம் பார்த்துச் சொல்லும் கம்பெனி) தேடலில் அது தலைகாட்ட, வாங்குபவர் கைகழுவிவிட்டார். என் பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "ஏம்மா, இதை வாங்கினது நீதானா? பொய்னு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?" தோன்றவில்லை. தோன்றியிருந்தால் செய்ய ஒரு வேலை இருந்தது. அந்த வேலை எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

1997இல், டெக்சாஸ் தனி நாடு என்று சொல்லிக்கொண்ட டெக்சாஸ் குடியரசு என்ற கூட்டம் ஃபோர்ட் டேவிஸ் பக்கத்து மலையில் ஒரு வாரம் போலீஸோடு மல்லுக்கு நின்றது. அதன் தலைவர் அதற்கு முன்பே பொய் லீன்களாகப் பதிந்து அந்த வட்டாரத்தைப் படுத்தியிருந்தார். அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் இதற்கென்று சட்டம் போட்டது. தாள் மோசடி என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அதில் கடனாளியாகவோ உரிமையாளராகவோ பெயர் வந்திருப்பவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கிளார்க் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கவுண்டி வக்கீலிடம் கருத்தும் கேட்கலாம். மோசடித் தாள் பதிவது குற்றம் என்று ஒரு அங்குல உயர எழுத்தில் பலகையும் மாட்ட வேண்டும். எங்கள் பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் எல்லோரும் பதிவார்கள், அது வேறு.

சரி, உங்களுக்கு வருகிறேன். முதலில் அந்தத் தாளின் சான்றிட்ட நகல் எடுங்கள். பக்கத்துக்கு ஒரு டாலர், சான்றுக்கு ஐந்து டாலர். பதிந்தவருக்குப் பணம் கொடுத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள், ஒரு தடவை பலித்தால் அடுத்த தாளும் வரும். பதிலுக்கு நீங்களும் ஒரு தாள் எழுதிப் பதியாதீர்கள். பதிவேடு குப்பையாவதுதான் மிச்சம்.

டெக்சாஸ் அரசு விதித்தொகுப்பின் 51.903ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு மனு போடலாம். படிவம் சட்டத்திலேயே இருக்கிறது, மனுவுக்குக் கட்டணம் இல்லை. சாட்சி, வாய்தா எதுவும் இல்லாமல், எதிராளிக்குத் தகவல்கூடக் கொடுக்காமல், தாளை மட்டும் பார்த்து நீதிபதி முடிவு சொல்ல முடியும். அவர் பார்க்கும் கேள்வி ஒன்றுதான். இந்த லீன் ஏதாவது சட்டத்தின்படி வந்ததா, நீங்கள் ஒப்புக்கொண்டு வந்ததா, நீதிமன்றம் விதித்ததா? மூன்றும் இல்லையென்றால் மோசடி என்று அனுமானம். அவருக்கு நீங்கள் உண்மையில் பாக்கியா என்பதற்குள் நீதிபதி போகமாட்டார். வேலை செய்த கட்டடக் காண்டிராக்டர் பதிந்த லீனில் தொகை சரியில்லை என்ற தகராறுக்கு இந்த வழி ஒத்துவராது, அதற்கு வக்கீலைப் பாருங்கள்.

உத்தரவு வந்தபின் அதே பதிவேட்டில் அதையும் பதிவார்கள். பழைய தாளைக் கிழித்துப் போடமாட்டார்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பலருக்கு இது தாங்காது. ஆனால் அடுத்த தடவை தேடுபவர் கண்ணில் உத்தரவும் சேர்ந்தே படும். தெரிந்தே, தீங்கு நினைத்து மோசடித் தாள் பதிந்தவரிடம் 10,000 டாலர் அல்லது உண்மையான நஷ்டம், எது அதிகமோ அதைக் கேட்டு வழக்குப் போடவும் வழி உண்டு. அவரிடம் அவ்வளவு பணம் இருக்குமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீடு இல்லாமல் உங்கள் பெயர் மேலோ வியாபாரத்தின் மேலோ மாநிலச் செயலர் அலுவலகத்தில் யூசிசி பதிவு (வீடு, நிலம் அல்லாத சொத்தின் மேல் கடனுக்கு ஈடாக உரிமை கோரும் அறிவிப்பு) வந்திருந்தால் கதை வேறு. யூசிசி என்பது மாநிலங்கள் எடுத்துக்கொள்ளும் ஒரு மாதிரிச் சட்டம். 1998இல் திருத்திய அதன் வடிவம், மின்வழிப் பதிவுக்கு வசதியாகக் கடனாளியின் கையெழுத்தையே எடுத்துவிட்டது. உங்கள் அனுமதி வேண்டும், ஆனால் அது இருக்கிறதா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. பதிந்தவரிடம் எழுத்து மூலம் ரத்து கேளுங்கள். 20 நாளில் அவர் செய்யாவிட்டால் ரத்துப் படிவத்தை நீங்களே பதியலாம். தகவல் அறிக்கை என்று இன்னொரு படிவமும் உண்டு. அது உங்கள் மறுப்பைப் பதிவில் சேர்க்குமே தவிர லீனைத் தொடாது.

முன்கூட்டியே தடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது, சீக்கிரம் தெரிந்துகொள்ள முடியும். பல கவுண்டிகளில் இலவச எச்சரிக்கைச் சேவை இருக்கிறது. உங்கள் பெயரில் எது பதிந்தாலும் மின்னஞ்சல் வரும். நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல்: இனிஷியல். கிரயப் பத்திரத்தில் அப்பா பெயர் கடைசியில், வங்கிக் கடனில் முன்னால், இன்னொன்றில் வெறும் ஒற்றை எழுத்து. பத்திரத்தில் உள்ளபடி ஒன்று, மற்ற வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று அந்தச் சேவையில் தனித்தனியாகப் பெயர் கொடுங்கள்.

கிளார்க்குக்கே மறுக்கும் அதிகாரம் கொடுத்துவிடலாமே என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. நான் பார்த்ததிலேயே மிக அசிங்கமான தாள் ஒரு குழாய்க்காரருடையது. கோணல் கையெழுத்து, காபிக் கறை. சம்பளம் வராத நிஜமான லீன் அது. தோற்றத்தை வைத்து மறுத்திருந்தால் அவரைத்தான் திருப்பி அனுப்பியிருப்பேன், அந்த நறுக்கான ஒரு பக்கத்தை உள்ளே விட்டிருப்பேன்.

நம் ஊர்க்காரர் மனு போட்டு உத்தரவு வாங்கினார். பதிய அதை என்னிடம்தான் கொண்டுவந்தார். முத்திரை குத்திக் கொடுத்தேன். "இதையாவது படிச்சியா?" என்று கேட்டார். முழுசாகப் படித்திருந்தேன்.