கத்தரிக்காயின் தொப்பி

கேள்வி: சேர், தரம் 8 படிக்கிற என் மகள் கத்தரிக்காயைப் படம் கீறி, அதன் பச்சைத் தொப்பிக்குப் ‘புல்லி’ என்று பெயர் எழுதினாள். புல்லி பூவில்தான் வரும், காயில் வராது என்று பிழை போட்டிருக்கிறார்கள். யார் சொல்வது சரி? கொய்யாப்பழத்துக்கு மட்டும் அந்தத் தொப்பி ஏன் மறுபக்கத்தில் இருக்கிறது?
வாசகி, களுதாவளை.

பதில்: மகள் எழுதியதுதான் சரி, தங்கச்சி. பிழை போட்டவரையும் கோபிக்காதீர்கள். நானும் வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுத்தவன்தான். பூ என்றால் கரும்பலகையில் எல்லாரும் செவ்வரத்தையைத்தான் கீறுவோம். புல்லி, அல்லி, கேசரம் (மகரந்தம் தாங்கும் இழைகள்), சூலகம் (பிறகு காயாகிற பகுதி) எல்லாம் பெரிதாகத் தெரியும், வேலிக்கு வேலி பூவும் கிடைக்கும். ஆனால் நம்முடைய வேலிச் செவ்வரத்தை காய்ப்பது அபூர்வம். பூ வாடி விழுந்தால் கதை முடிந்தது. அதனால் காய் பிடித்த பிறகு புல்லி என்ன ஆகிறது என்று பார்க்கிற வாய்ப்பு பிள்ளைகளுக்கும் இல்லை, படிப்பிக்கிறவருக்கும் இல்லை.

உங்கள் ஊரில் தோட்டத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் ஒரு கத்தரிப் பூவைப் பிடுங்கிப் பாருங்கள். ஊதா நிறத்தில் இருப்பது அல்லி (குளத்து அல்லி இல்லை, பூவிதழ்). அதற்கு வெளியே அடியில் ஒட்டி, நுனியில் ஐந்தாகப் பிரிந்து, பச்சையாக நிற்பது புல்லி. மொட்டாக இருந்தபோது உள்ளே இருந்ததையெல்லாம் பொத்தி வைத்திருந்தது இதுதான். புல்லுதல் என்றால் தழுவுதல், பொருத்தமான பெயர். காய் பிடித்ததும் அல்லி காய்ந்து கழன்றுவிடும். புல்லி போகாது, காயோடு சேர்ந்து தானும் வளரும். கத்தரிக்காய் வெட்டும்போது விரலில் குத்துகிற முள் அதில் உள்ளதுதான். இப்படி விழாமல் நிற்பதை நிலைத்த புல்லி என்பார்கள். தக்காளியிலும் அப்படித்தான். வெண்டியில் பூவோடு சேர்ந்து கழன்று விழுந்துவிடும்.

சந்தையில் ஊதாக் கத்தரிக்காய் வாங்கினால் தொப்பியின் விளிம்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் கீழே தோல் வெளிறி இருக்கும். வெளிச்சம் படாததால் அந்த இடத்தில் நிறம் ஏறுவதில்லை.

கொய்யாவுக்கு வருவோம். கத்தரிப் பூவில் சூலகம் புல்லிக்கு மேலே, உள்ளே இருக்கிறது. காய் பெருத்தால் புல்லி காம்புப் பக்கமே நிற்கும். கொய்யாப் பூவில் சூலகம் கீழே. புல்லியும் அல்லியும் கேசரமும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. சூலகம் பழமாகும்போது புல்லி காம்புக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றுவிடுகிறது. மாதுளையின் கிரீடமும் புல்லிதான். பிரித்தால் உள்ளே காய்ந்த கேசரங்கள் கூட அகப்படும். பூசணியின் பெண்பூவைப் பார்த்தால் இன்னும் சுலபம், பூவுக்குக் கீழே குட்டிக்காய் முன்கூட்டியே இருக்கும். மரமுந்திரிகையை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அது காம்பு கொழுத்துப் பழம் போல நிற்கிற வேறு கதை.

எனக்குப் பிடித்தது கிண்ணைக்காய். வாழைச்சேனைப் பக்கம் கிண்ணையடி என்று ஓர் ஊரே இருக்கிறது. வாவிக்கரையில் நிற்கிற அந்த மரத்தின் பூ இரவில் விரியும், விடியும்போது கேசரமெல்லாம் உதிர்ந்து கிடக்கும். புல்லி மட்டும் காயின் அடியில் நட்சத்திரம் போல விரிந்து நிற்கும். மறுபக்கம் தம்பம் (சூலகத்தின் மேல் நீளும் தண்டு) ஈர்க்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அதைப் பிடித்துத்தான் காயைப் பம்பரமாகச் சுற்றினோம். அதற்குத் தம்பம் என்று பேர் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

சரி, கொப்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வழக்குப் பேச வேண்டாம். மகளிடம் ஒரு கத்தரிக்காயும் ஒரு கொய்யாப்பழமும் கொடுத்துவிடுங்கள். கொய்யா வகுப்புவரை மிஞ்சுமா என்பது வேறு விஷயம்.