சுவர் எத்தனை என்று எண்ணினீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டபிள்யூ.கே.பி. பற்றித்தான், அதாவது குவாண்டம் துகளின் ஆற்றல் மட்டங்களைத் தோராயமாகக் கணக்கிடும் முறை பற்றி.

கேள்வி: நான்காம் அடுக்கு அலையியற்றிக்கு (உந்தத்தின் வர்க்கம், அதோடு தூரத்தின் நான்காம் அடுக்கு, மாறிலிகள் எல்லாம் 1) தரைநிலை (மிகக் கீழான ஆற்றல் மட்டம்) 0.867 வருகிறது. சரியான விடை 1.06. என் நிரலில் பிழையா?

பதில்: பிழை இல்லை, அந்த முறை தருவதே அவ்வளவுதான். 18 சதவீதம் குறைவு. அடுத்த மட்டத்தைப் பாருங்கள், 3.80-க்கு 3.75 வரும், அதற்கும் அடுத்ததில் தவறு அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். மேலே போகப் போகத்தான் இதற்கு மரியாதை. தரைநிலையைக் கேட்டுவிட்டு ஏமாற்றிவிட்டது என்று எழுதாதீர்கள்.

கேள்வி: என் பொட்டன்ஷியலுக்கு (துகளின் நிலையாற்றல் வளைவு) விடை ஒத்துவரவில்லை. என்ன தவறு?

பதில்: எந்தப் பொட்டன்ஷியல்? அதை எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: கண்ணாடித் தளத்தின் மேல் புவியீர்ப்பில் துள்ளும் நியூட்ரானுக்கு முதல் மட்டத்தின் உயரம் 10.4 மைக்ரான் வருகிறது. 13.7 என்கிறார்கள். ஏன்?

பதில்: உங்கள் நோட்டைப் பார்க்காமலே சொல்கிறேன், 'என் (n) கூட்டல் அரை', அதாவது மட்ட எண்ணோடு அரை, போட்டிருக்கிறீர்கள். இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த அரை ஒன்றும் வேத வாக்கு இல்லை. சரிவான பொட்டன்ஷியலில் அலை திரும்பும் இடத்தைத் தாண்டி உள்ளே கொஞ்சம் கசிந்துவிட்டுத் திரும்புகிறது, அதனால் அலையின் கட்டத்தில் (phase) பையில் (π) பாதியை இழக்கிறது. கெட்டிச் சுவரில் கசிய வழியே இல்லை, முழுப் பை போய்விடும். ஒரு சுற்றுக்கு இரண்டு பை என்று வகுத்தால் சரிவுக்குக் கால், சுவருக்கு அரை. இரண்டு பக்கமும் சரிவென்றால் கூட்டி அரை, இரண்டும் சுவரென்றால் ஒன்று (பெட்டிக்குள் இருக்கும் துகளுக்கு அதனால்தான் அச்சாக விடை வருகிறது), உங்கள் நியூட்ரானுக்குக் கீழே கண்ணாடிச் சுவர், மேலே ஈர்ப்பின் சரிவு, ஆக முக்கால். முக்காலைப் போட்டுப் பாருங்கள், 13.6 வரும், தவறு ஒரு சதவீதம்கூட இல்லை, அதுவும் தரைநிலைக்கே! பிரான்சின் கிரனோபிலில் செய்து 2002-இல் வெளியிட்ட சோதனையில், மேல்தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி ஏறக்குறைய 15 மைக்ரானுக்குக் கீழே இருந்தவரை நியூட்ரான் கடந்து வரவே இல்லை. நம்பிக்கை வரவில்லையா, சீரிசை அலையியற்றியின் நடுவில் ஒரு சுவரை வைத்து முக்காலோடு கணக்குப் போடுங்கள், முழு அலையியற்றியின் ஒற்றைப்படை நிலைகள் மட்டும் துல்லியமாக வந்து நிற்கும். முதலில் படம் வரையுங்கள், அப்புறம் சூத்திரத்தைத் தொடுங்கள்.

கேள்வி: ஹைட்ரஜனின் ஆரச் சமன்பாட்டில் ஆற்றல் தப்பாக வருகிறதே?

பதில்: கோண உந்த எண் எல் (l) வரும் இடத்தில், எல் பெருக்கல் எல்-கூட்டல்-ஒன்றை எடுத்துவிட்டு, எல்-கூட்டல்-அரையின் வர்க்கத்தைப் போடுங்கள். கணிதவியலாளர் லாங்கர் 1937-லேயே சொல்லிவிட்டார்.

கேள்வி: இரட்டைக் குழியில் மட்டங்கள் ஜோடி ஜோடியாக ஒரே ஆற்றலில் வருகின்றன. அப்படித்தானா?

பதில்: இல்லை. குழிகளை நீங்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டதால் வந்த வினை. நடுவிலுள்ள மேடு வழியே அலை ஊடுருவுவதைச் சேர்த்தால் ஜோடி பிளக்கும், மேடு தடிக்கத் தடிக்க அந்தப் பிளவு அடுக்கேற்ற வேகத்தில் சுருங்கும், அதனால்தான் உங்கள் திரையில் தெரியவில்லை. அம்மோனியா மூலக்கூறும் இப்படியொரு இரட்டைக் குழிதான், அதில் அந்தப் பிளவு சுமார் 24 கிகாஹெர்ட்ஸ். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் அச்சிட்டால் எப்படித் தெரியும்?