வாசகர் கேள்வி – பதில்: புக்கிட் தீமா மலைப்பாதையில் சைக்கிள்

மழைக்காலம் முடிந்து பாதை காயத் தொடங்கியதும் மவுண்டன் பைக் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. இம்முறை பெரும்பாலானவை சிங்கப்பூரின் புக்கிட் தீமா பற்றியே கேட்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறோம்.

வார இறுதிகளில் பூங்கா இணைப்புப் பாதையில் 40 கிலோமீட்டர் அசராமல் ஓட்டுகிறேன். புக்கிட் தீமா பாதை வெறும் 6 கிலோமீட்டர்தான் என்கிறார்கள். என்னுடைய ஹைப்ரிட் சைக்கிளில் ஒரு சுற்று போய்வரலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

வேண்டாம். அந்த 6 கிலோமீட்டர் என்ற கணக்குதான் ஆளை ஏமாற்றுகிறது. புக்கிட் தீமா குன்றின் உயரமே 163 மீட்டர்தான். பாதையும் உச்சிக்குப் போவதில்லை. வனப்பகுதியின் ஓரத்தை ஒட்டி ஏறி, இறங்கி, மறுபடி ஏறிச் சுற்றி வருகிறது. மூச்சு வாங்க வைக்கும் நீண்ட ஏற்றம் எதுவும் கிடையாது. குட்டையான செங்குத்து ஏற்றம் ஒன்று, அது முடிந்த கையோடு கல் நிறைந்த இறக்கம், அதன் அடியில் குறுக்கே கிடக்கும் வேர் என்று ஓய்வே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். ஹிண்ட்ஹீட், டெய்ரி ஃபார்ம் என ஒரு காலத்தில் சுற்றிலும் கல்குவாரிகள் இயங்கிய இடம் அது. அடியில் இருப்பதெல்லாம் கிரானைட். மழையில் மண் கரையக் கரைய, கூர்விளிம்புள்ள கற்கள் மேலே வந்துகொண்டே இருக்கும்.

சாலைக்கும் லேசான மண்பாதைக்கும் பொதுவான ஹைப்ரிட் சைக்கிளின் டயர் அகலம் பெரும்பாலும் 35 முதல் 42 மில்லிமீட்டர். இந்தக் கற்களில் அது நிற்காது. முதலில் டியூப் போகும், அடுத்து ரிம் நசுங்கும். குறைந்தபட்சம் 2.25 அங்குல டயர், 120 மில்லிமீட்டர் இயக்கமுள்ள (அமுங்கி எழும்) முன் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் ஆகிய மூன்றும் வேண்டும். பின்பக்க சஸ்பென்ஷன் கட்டாயமில்லை. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயிலில் பழகுகிறவர் சக்கரத்தை எங்கே வைப்பது என்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார் என்பது எங்கள் கருத்து.

முதலில் செஸ்நட் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே 8.2 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை இருக்கிறது. அடுத்து புலாவ் உபின் தீவில் உள்ள கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா. அங்கே இறங்காமல், காலை ஊன்றாமல் ஒரு சுற்று முடிக்க முடிந்த பிறகு புக்கிட் தீமாவைப் பற்றி யோசிக்கலாம்.

என் எடை 72 கிலோ. 29 அங்குல சக்கரம், 2.35 டயர், உள்ளே டியூப். ஒவ்வொரு முறையும் பின்சக்கரம் பஞ்சர். முள் எதுவும் இல்லை. டியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.
– ஈசூன் வாசகர்

அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவு என்று பொருள். டயர் கல்லில் மோதி ரிம் வரை அமுங்கும்போது, நடுவில் மாட்டிக்கொள்ளும் டியூப் இரண்டு பக்கமும் கிழிகிறது. டியூப் இருக்கும்வரை பின்னால் 30, முன்னால் 27 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துப் பாருங்கள். அதற்குமேல் ஏற்றினால் பஞ்சர் நிற்கும், ஆனால் டயர் கல்மேல் துள்ளும், வேரில் வழுக்கும்.

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாறுவதுதான் சரியான தீர்வு. உங்கள் எடைக்குப் பின்னால் 25, முன்னால் 22 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ்ஐ மட்டும் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். ரிம் கல்லில் இடிக்கும் ‘டங்’ சத்தம் ஒரு சுற்றில் ஒரு தடவைக்கு மேல் கேட்டால் ஒன்றைக் கூட்ட வேண்டும். வளைவில் டயர் பக்கவாட்டில் மடங்குவதுபோல் இருந்தாலும் அதேதான். ஒரு டயருக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர்த் தோலாகிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சலசலப்பு கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொன்று: நின்று அடிக்கும் பம்பில் உள்ள மீட்டரை 30 பிஎஸ்ஐக்குக் கீழே நம்ப முடியாது. தனியாக ஒரு டிஜிட்டல் அளவி வாங்குங்கள். வீட்டில் காலையில் 25 வைத்துவிட்டு, சைக்கிளை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டால், டயரின் சூடு 20 டிகிரி ஏறியதும் சுமார் இரண்டரை பிஎஸ்ஐ கூடிவிடும். அதனால் பாதைக்கு வந்து, நிழலில் சற்று ஆறவிட்டு அளப்பதே நல்லது.

கற்கள் நிறைந்த ராக் கார்டன் பகுதியில் மெதுவாக, ஜாக்கிரதையாகத்தான் இறங்குகிறேன். ஆனாலும் முன்சக்கரம் கல்லில் சிக்கி, ஹேண்டில்பாருக்கு மேல் தூக்கியெறிகிறது.
– சுவா சூ காங் வாசகர்

மெதுவாகப் போவதுதான் சிக்கல். 29 அங்குல சக்கரத்தின் ஆரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 37 சென்டிமீட்டர். எதிரே 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்று வந்தால், உருளும் சக்கரம் அதன்மேல் ஏறிப் போய்விடும். ஆனால் நடக்கிற வேகத்தில் போனால் ஏறுவதற்கு விசை போதாது. அந்த நேரத்தில் முன் பிரேக்கையும் பிடித்திருந்தால் மூன்று கெடுதல்கள் சேர்ந்து நடக்கின்றன: ஃபோர்க் அமுங்கி, அடுத்த கல்லுக்கு வேண்டிய இயக்கம் மிச்சமில்லாமல் போகிறது, சைக்கிளின் மூக்கு தாழ்ந்து ஸ்டியரிங் செங்குத்தாகிறது, உங்கள் எடை முழுவதும் முன்னே சரிகிறது. இனி கல் சும்மா தடுத்தாலே போதும், உங்களைத் தூக்கிப்போட்டுவிடும்.

பிரேக் பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். கற்கள் தொடங்குவதற்கு நான்கைந்து மீட்டருக்கு முன்பே, மண் சமமாக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்தி, ஓடுகிற ஒருவரின் வேகத்துக்கு வந்துவிடுங்கள். முதல் கல்லைத் தொடும்போது முன் பிரேக் விடுபட்டிருக்க வேண்டும். நடுவில் வேகம் கூடினால், கற்களுக்கு இடையே தட்டையான இடத்தில் மட்டும் தொட்டு விடுங்கள். லீவரில் ஒரு விரல், அதாவது ஆள்காட்டி விரல் போதும். மற்ற மூன்றும் பிடியைப் பற்றியிருக்கட்டும்.

அடுத்தது உடம்பு. சீட்டை முழுக்க இறக்கிவிடுங்கள். ஓட்டும்போதே சீட்டை இறக்க உதவும் ட்ராப்பர் போஸ்ட் இல்லாவிட்டால், இறங்கி நின்று கையால் இறக்கவும் தயங்க வேண்டாம். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று கீழே தொங்கினால் அது கல்லில் இடித்து நிறுத்திவிடும். குதிகாலைத் தாழ்த்துங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளச் சொன்னதும் பலர் பின்டயர் முதுகில் உரசும் அளவுக்குப் போய்விடுகிறார்கள். அப்போது கைகள் நீண்டு விறைத்து, முன்சக்கரத்தில் எடையே இல்லாமல், திருப்பினாலும் திரும்பாது. முழங்கையில் மடிப்பு இருக்கும் அளவுக்குத்தான் பின்னால் போகலாம். நெஞ்சு தாழ்ந்து இருக்கட்டும்.

பார்வை எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பயமுறுத்தும் கல்லையே பார்த்துக்கொண்டு போனால் சக்கரமும் அதையே தேடிப் போகும். முதல் முறை சைக்கிளைப் பாதை ஓரத்தில் சாய்த்துவிட்டு நடந்து இறங்குங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு நில்லுங்கள். நுழையும் இடம், நடுவில் ஒரு தட்டைக் கல், வெளியேறும் இடம் என மூன்று புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு மேலேறிப் போய் ஓட்டுங்கள். கீழிருந்து பார்த்து வைத்த கோடு மேலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும் என்பதால், மேலே போனதும் மறுபடி ஒருமுறை பார்ப்பது அவசியம். தைரியம் வரவில்லையா? தள்ளிக்கொண்டு இறங்குங்கள். யாரும் கேட்கப்போவதில்லை.

ஈர வேரில் வழுக்குவதைத் தவிர்க்க எந்த டயர் வாங்கலாம்?
– ஜூரோங் வாசகர்

எந்த டயரும் ஈர வேரைப் பற்றாது. விலையுயர்ந்த மிருதுவான ரப்பரும் ஓரளவுக்குத்தான். வேரைக் குறுக்காக, கூடியவரை செங்குத்துக் கோணத்தில் கடந்துவிடுங்கள். அதன்மேல் இருக்கும் அந்த அரை விநாடியில் பிரேக், மிதி, திருப்பல் மூன்றுமே கூடாது. சாய்வாகக் கிடக்கும் வேர் என்றால் முன்சக்கரத்தை லேசாகத் தூக்கித் தாண்டுங்கள். பின்சக்கரம் சற்று வழுக்கினால் வழுக்கட்டும், அது தானே சரியாகிவிடும்.

செங்குத்து ஏற்றத்தில் உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தூக்குகிறது. எழுந்து மிதித்தால் பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது.
– அங் மோ கியோ வாசகி

இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. சீட்டின் மூக்கு நுனியில் உட்காருங்கள். நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்தி, முழங்கைகளை உள்ளே, கீழ்நோக்கி வையுங்கள். பாரை மேலே இழுக்காமல் உங்களை நோக்கிப் பின்னால் இழுங்கள். கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். நடுவில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் துள்ளும், சிலசமயம் அறுந்தே போகும். மிகச் சிறிய கியரும் உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு மிதியிலும் விசை வெட்டி வெட்டி வந்து டயர் பிடியை இழக்கும். கடைசிப் பல்சக்கரத்துக்கு ஒன்றிரண்டு முன்னால் உள்ளதைப் பாருங்கள். வழியில் கல் இருந்து பெடல் இடிக்கும் என்று தெரிந்தால், முழுச் சுற்று மிதிக்காமல் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மிதித்துக் கடக்கலாம்.

ஒருமுறை வலப்பக்கம் விழுந்தேன். அதிலிருந்து கியர் தானாக மாறுகிறது. கேபிளை எவ்வளவு திருகியும் சரியாகவில்லை.
– செங்காங் வாசகர்

கேபிளை விடுங்கள். சைக்கிளுக்கு நேர் பின்னால் குனிந்து, கியர் மாற்றும் டெரய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களையும் பாருங்கள். அவை மேலுள்ள பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் இல்லாமல் கீழ்ப்பகுதி ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால், வளைந்திருப்பது ஹேங்கர். டெரய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு அலுமினியத் துண்டு அது. அடிபட்டால் சட்டத்துக்கு முன்னால் தான் வளையட்டும் என்றே மிருதுவாகச் செய்கிறார்கள்.

அந்த நிலையில் ஆகப் பெரிய பல்சக்கரத்துக்கு மட்டும் மாற்றாதீர்கள். டெரய்லர் ஸ்போக்குக்குள் போய்விட்டால் டெரய்லர், செயின், சக்கரம் மூன்றுக்கும் சேர்த்துச் செலவாகும். கடையில் இதற்கென்று உள்ள கருவியை வைத்துச் சில நிமிடங்களில் நிமிர்த்திவிடுவார்கள். இரண்டாவது முறை வளைந்தால் நிமிர்த்தாமல் புதிது மாட்டுங்கள். ஒடியும் வாய்ப்பு அதிகம். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், உங்கள் சட்டத்துக்கு உரியதை ஒன்று வாங்கி எப்போதும் பையில் வைத்திருங்கள்.

பிரேக் அலறுகிறது, பிடிப்பும் குறைந்துவிட்டது. பேட் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை.
– பொத்தோங் பாசிர் வாசகர்

செயின் எண்ணெயை ஸ்ப்ரேயாக அடிக்கிறீர்களா? அதன் துளிகள் ரோட்டரில் (பிரேக் தட்டில்) படிந்தால் இப்படித்தான் ஆகும். எண்ணெய் ஊறிய பேடைச் சுரண்டியோ சூடாக்கியோ காப்பாற்றும் முயற்சி பெரும்பாலும் வீண். ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் புது பேட் போடுங்கள். இனி சொட்டு மருந்துபோல் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

எண்ணெய் இல்லையென்றால் தேய்மானத்தைப் பாருங்கள். ஈரமண்ணும் கிரானைட் துகளும் சேர்ந்து ரெசின் பேடை அரம் மாதிரி அராவிவிடும். உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அடிக்கடி நனைகிறவர் மெட்டல் பேடுக்கு மாறலாம். சத்தம் கொஞ்சம் கூடும், ஆயுளும் கூடும். ஆனால் ‘ரெசின் பேடுக்கு மட்டும்’ என்று ரோட்டரில் பொறித்திருந்தால் மெட்டல் கூடாது. புது பேட் எதுவானாலும், சமமான சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் முழுதாக நிற்காமல், ஒரு 20 முறை பிரேக் பிடித்துப் பழக்கிவிட்டுத்தான் பாதைக்குள் போக வேண்டும்.

எம்ஆர்டி ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோகலாமா?
– பிடோக் வாசகி

மடக்குச் சைக்கிள் மட்டும்தான் ஏற்றுவார்கள். காரில் போங்கள், அல்லது பழைய ரயில் பாதை வழித்தடத்தில் ஓட்டியே வந்துவிடலாம். சாலையில் ஓட்டும் தூரம் எவ்வளவாக இருந்தாலும் ஹெல்மெட் கட்டாயம். 2019 பிப்ரவரி முதல் சட்டமே அப்படி. வனப்பகுதி காலை 7 முதல் மாலை 7 வரை மட்டுமே திறந்திருக்கும். அதனால் பிற்பகல் தாமதமாகத் தொடங்காதீர்கள். வனத்துக்குள் உள்ள நடைபாதைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது. பிரிவு வரும் இடங்களில் பலகையைப் பார்த்துப் போங்கள்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?
– தெம்பனிஸ் வாசகர்

டியூப்லெஸ் ஓட்டை அடைக்கும் பிளக், அது தோற்றால் போட ஒரு டியூப், டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு, செயின் கட்டருடன் கூடிய மல்டி டூல், உங்கள் செயினின் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் குவிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), மேலே சொன்ன ஹேங்கர். தண்ணீர் ஒன்றரை லிட்டர். முழங்கால் காப்பு, முழு விரல் கையுறை. கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும், அடிபட்டால் ஆம்புலன்ஸுக்கு 995. அழைக்கும்போது அருகிலுள்ள வழிகாட்டிப் பலகையில் இருப்பதைப் படித்துச் சொன்னால் தேடி வருவது சுலபம். தின்பண்டத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்கு அந்தப் பை என்னவென்று நன்றாகத் தெரியும்.

மழை விட்ட எத்தனை மணி நேரத்தில் போகலாம்?
– புக்கிட் பாஞ்சாங் வாசகர்

மணிக்கணக்கு உதவாது. வெட்ட வெளியில் இரண்டு மணி நேரத்தில் காயும் மண், மரநிழலில் மறுநாளும் குழையாக இருக்கும். பாதையில் பத்தடி நடந்து பாருங்கள். செருப்பில் களிமண் அப்பினாலோ, டயர் போன தடத்தில் நீர் ஊறினாலோ திரும்பிவிடுங்கள். அந்தத் தடத்தில் அடுத்த மழை ஓடி மண்ணை அரித்துக் கொண்டுபோகும். தேசியப் பூங்காக் கழகம் பாதையை மூடிப் பழுதுபார்க்கும் நாட்களும் கூடும். சகதியைத் தவிர்க்கிறேன் என்று ஓரத்துச் செடிமேல் ஏற்றி ஓட்டுவது அதைவிட மோசம், பாதை அகலமாகிக்கொண்டே போகும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல், காட்டை விட்டு வெளியேறி ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

நனைந்துவிட்ட சைக்கிளை அன்றே கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாயை ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் காட்டாதீர்கள். கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போய்விடும். ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், இரண்டு பிரஷ் போதும். பிரேக்குக்கு ஒன்று, செயினுக்கு ஒன்று. இரண்டையும் மாற்றிவிட்டால் பொத்தோங் பாசிர் வாசகர் கேட்ட அதே கேள்வியோடு நீங்களும் எழுத வேண்டிவரும்.