வறண்ட முகம், அதில் பருவும்: மாய்ஸ்சரைசர் போடலாமா, எதைப் போடலாம்?

கேட்டவர் எழுதியிருப்பது இது: “எனக்கு முகம் வறண்டு தோல் உரிகிறது. கூடவே பருவும் வருகிறது. மாய்ஸ்சரைசர் போட்டால் பரு கூடிவிடுமோ என்று பயம். சென்னை மாதிரி வியர்க்கிற ஊரில் அது தேவைதானா? எதை வாங்கலாம்?”

தேவைதான், பயப்படாமல் போடுங்கள். வாசனை சேர்க்காத, கிளிசரினும் செராமைடும் இருக்கிற, தேங்காய் எண்ணெயோ கோகோ பட்டரோ கலக்காத சாதாரண லோஷன் ஒன்று போதும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன், உங்கள் முகத்தை எது இப்படிக் காய வைக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் எத்தனை டியூப் வாங்கினாலும் காசுதான் கரையும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. கல்லூரி நாளிலிருந்து முப்பது வயது தாண்டும்வரை இப்படிப்பட்ட முகத்தோடு அலைந்தவன், அவ்வளவுதான் என் தகுதி. ஆம்பளைக்கு எதற்கு கிரீம் என்று கேட்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடுமையான பரு பையன்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அவர்களில் பாதிப் பேர் வெட்கப்பட்டு யாரிடமும் கேட்காமல் இருந்து, கடைசியில் குழி விழுந்த முகத்தோடு நிற்கிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

என் கதைக்கு வருகிறேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் எனக்கு வேலை. சர்வர் வரிசைகளுக்கு நடுவே ராத்திரி முழுக்கக் குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் ஏசி அதைப் பிழிந்து எடுத்துவிடும். ஏசி குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அந்த ஈரம்தான். ஷிப்ட் முழுக்க அந்தக் காற்றில் நின்றால் முகம் இழுத்துப் பிடிக்கும். அதனால் ‘சென்னையில் வியர்க்குமே’ என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. வியர்வை தோலுக்கு ஈரம் சேர்ப்பதில்லை, உப்பை விட்டுவிட்டு ஆவியாகிவிடுகிறது. ஓஎம்ஆரிலோ கிண்டியிலோ ஏசி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில், தாடை ஓரத்தில் பழுத்த பரு, இதுதான் என் நிலைமை. வீட்டில் ‘உடம்பு சூடு’ என்றார்கள். அத்தை முல்தானி மிட்டி வாங்கிக் கொடுத்தார். அன்பில் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது எண்ணெயை உறிஞ்சுகிற களிமண், காய்ந்து உரிகிற கன்னத்துக்கு ஆகாது. அப்புறம் பளபளப்பான ஒரு தனியார் கிளினிக். பரு இருக்கிறதா, அப்போது ஆயிலி ஸ்கின் என்று முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், ஆல்கஹால் கலந்த டோனர், பகலுக்கு பென்சாயில் பெராக்சைடு, ராத்திரிக்கு அடாபலீன் என்று இரண்டு பரு மருந்துகள், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஒரே நாளில் ஆரம்பிக்கச் சொன்னார்கள். மாய்ஸ்சரைசர் அந்தப் பையில் இல்லை.

முகம் காந்தியது. கொட்டாவி விட்டால் வாய் ஓரம் வெடித்தது. திரும்பப் போய்ச் சொன்னபோது, “மருந்து வேலை செய்யுது சார், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, முகத்தை உரிக்கும் சிகிச்சைக்கு ஒரு பேக்கேஜை நீட்டினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சரியாகத்தான் செய்தேன் என்று தோன்றுகிறது.

பிறகு போனது அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு. சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் இந்தப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு வரிசையில் நிற்க வேண்டும், அதுதான் சிரமம். நான் பார்த்த டாக்டரம்மா முதலில் என் முகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்ன வேலை, என்ன சோப்பு, வீட்டில் என்ன தண்ணீர், ஹெல்மெட் போடுவீர்களா என்று கேட்டார். அப்புறம் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது எண்ணெய் முகமும் இல்ல, வறண்ட முகமும் இல்ல. புண்பட்ட முகம். முதல்ல ஆற விடுங்க.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தோலின் மேல் அடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கல், அவற்றை ஒட்டி வைத்திருக்கும் கொழுப்புதான் பூச்சு. செராமைடு அந்தப் பூச்சில் முக்கியமான பகுதி. பூச்சு உதிர்ந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியேறிவிடும், வெளியே இருந்து எரிச்சல் தருபவை உள்ளே போகும். எரிச்சல் கூடினால் பருவின் சிவப்பும் வீக்கமும் கூடும். பரு வருவது எண்ணெய்ச் சுரப்பி இருக்கிற துளைக்குள் அடைப்பு விழுவதால். மேல்தோல் வறண்டிருப்பது அதைத் தடுக்காது. அதனால்தான் இரண்டும் ஒரே முகத்தில் இருக்க முடிகிறது.

அவர் எழுதிக் கொடுத்தது எளிமையானது. இரண்டு வாரத்துக்கு எல்லா மருந்தையும் நிறுத்தி, முகத்துக்குச் சோப்பைத் தொடாமல், நுரை அதிகம் வராத கிளென்சர் மட்டும் போடச் சொன்னார். காலையும் இரவும் லோஷன், பகலில் சன்ஸ்கிரீன். ஆறிய பிறகு அடாபலீன் 0.1 சதவீத ஜெல், பட்டாணி அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி. அதுவும் முதலில் லோஷன், காய்ந்ததும் ஜெல், அதன் மேல் மறுபடி லோஷன். இப்படிப் போட்டால் மருந்தின் எரிச்சல் நன்றாகக் குறையும். (இந்த ஜெல் கர்ப்ப காலத்தில் ஆகாது, டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.) அடாபலீன் முழுப் பலன் காட்ட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள் இது வேலைக்காகாது என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

மருந்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் பருவைக் குறைத்தது மருந்துதான். அந்த மருந்தைத் தாங்குகிற அளவுக்கு முகத்தை வைத்திருந்தது மாய்ஸ்சரைசர்.

சரி, எதை வாங்குவது? பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாகத்தான் அச்சடிப்பார்கள். முதல் நாலைந்து பெயருக்குள் கிளிசரின் இருந்தால் நல்லது, அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். டைமெத்திகோன், பெட்ரோலாட்டம் இரண்டும் மேலே மூடி போல நின்று ஈரத்தைக் காக்கும். பெட்ரோலாட்டம் என்றால் நம் வாசலின் வகைதான். பிசுபிசுப்பாக இருப்பதால் துளையை அடைக்கும் என்று நினைக்கிறார்கள், அப்படி அடைப்பதில்லை. ஆனால் சித்திரை வெயிலில் முகம் முழுக்கத் தடவ யாருக்கும் மனம் வராது. உரிகிற இடத்துக்கு மட்டும் ராத்திரியில் மெல்லிசாகத் தடவலாம். நியாசினமைடு (வைட்டமின் பி3இன் ஒரு வகை) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வாசனை சேர்த்ததையும் சாலிசிலிக், கிளைகாலிக் ஆசிட் கலந்ததையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். உரிகிற முகத்துக்கு மேலும் ஆசிட் வேண்டாம்.

‘நான் காமடோஜெனிக்’ (non-comedogenic), அதாவது துளையை அடைக்காது என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அப்படி எழுத எந்தச் சட்ட வரையறையும் கிடையாது. எந்தப் பொருள் துளையை அடைக்கும் என்று வலைத்தளங்களில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் முயல் காதில் தடவிப் பார்த்த பழைய ஆய்வுகளிலிருந்து வந்தவை. கிளிக்மேன், மில்ஸ் என்ற தோல் ஆய்வாளர்கள் இருவரும் அந்தச் சோதனையை வைத்து 1972இல் எழுதியதிலிருந்து இந்தப் பேச்சு பரவியது. முயல் காது நம் கன்னத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் எதை வாங்கினாலும் தாடை ஓரத்தில் சின்ன இடத்தில் சில நாள் போட்டுப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி எழுதினால் கோபப்படுபவர்கள் வருவார்கள், தெரியும். எங்கள் வீட்டிலும் தலைக்கும் கைகாலுக்கும் அதுதான். வறண்ட உடம்புத் தோலுக்கு அது நல்லது. பரு வருகிற முகத்துக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வருவது பலருக்குப் பருவே இல்லை, மலசீசியா என்ற பூஞ்சையால் வருவது. வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் அது பெருகும், நம் ஊரில் கேட்கவே வேண்டாம். அதற்கு மருந்தும் வேறு, எனவே காட்டிக் கேளுங்கள்.

விலை விஷயம். செட்டாபில், செராவே என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லவைதான், விலைதான் இடிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிளிசரினும் லிக்விட் பாராஃபினும் சேர்ந்த சாதாரண லோஷன் 300 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். நான் போடுவது அந்த வகைதான். முகம் துடைத்து ஈரம் லேசாக இருக்கும்போதே தடவுங்கள், முழுக்கக் காயவிட்டுத் தடவினால் பாதிப் பலன்தான். பென்சாயில் பெராக்சைடு போடுபவர்கள் வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள், கலர் துணியை அது வெளுத்துவிடும்.

சோப்பு, தண்ணீர் இரண்டையும் சொல்ல வேண்டும். நம் தோலின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7க்கு மேல் போனால் காரம்) ஏறக்குறைய 5, குளியல் சோப்பு 9, 10 என்று இருக்கும். அட்டையில் டிஎஃப்எம் (சோப்பில் இருக்கும் மொத்தக் கொழுப்பின் சதவீதம்) 76 என்று போட்டிருந்தால் உயர்ந்த சோப்பு என்பது சரி, ஆனால் அதுவும் காரம்தான். எங்கள் கொளத்தூர் வீட்டில் போர் தண்ணீர். கடின நீரும் சோப்பும் சேர்ந்தால் ஒரு படிவு தோலில் ஒட்டிக்கொள்ளும். முகத்துக்கு மட்டும் ஒரு சொம்பு மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லாமல் என் தாடைப் பரு முழுதாகப் புரியாது. முன்பு எங்கள் ஷிப்டுக்கு வீட்டில் கொண்டுவிட கம்பெனி கேப் (கார்) இருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று ஒரு மெயில் போட்டு நிறுத்திவிட்டார்கள். அலவன்ஸ் என்று கொடுப்பது பெட்ரோலுக்கே காணாது. நடுராத்திரி வேலை முடிந்து பாடிப் பகுதி வழியாக, நாய்கள் துரத்த, மழைக்காலத்தில் எது பள்ளம் எது தண்ணீர் என்று தெரியாமல் வண்டி ஓட்டுகிறோம். பெண்களுக்கு மட்டும் கேப் வைத்திருக்கிறார்கள், அது கட்டாயம் வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ராத்திரி வேலை வாங்குகிற கம்பெனி ஆண்களையும் பத்திரமாக வீட்டில் சேர்ப்பதுதானே முறை? சங்கம் இல்லாத வேலையில் இதை யாரிடம் கேட்பது? கேட்டவருக்குத் தேவையில்லாத விஷயம்தான், ஆனால் அந்த ஹெல்மெட் பட்டையும் வியர்வையும் தினமும் உரசியதில்தான் தாடை ஓரம் அப்படிப் பழுத்தது. உள் ஸ்பாஞ்சைக் கழற்றி வாரம் ஒருமுறை துவைத்து, உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டதில் நல்ல மாற்றம். ஷேவ் செய்பவர்கள் ஆஃப்டர் ஷேவை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் லோஷன் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் “இதைப் போடுங்க, ஒரு வாரத்துல முகம் பளிச்சுனு ஆயிடும்” என்று எடுத்துக் கொடுக்கும் டியூபை வாங்காதீர்கள். என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு முன் அப்படி ஒன்று கொண்டுவந்தான். டியூபைத் திருப்பிப் படித்தேன்: மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின். ஸ்டீராய்டு கிரீம் என்று சொல்லி அவன் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன், கோபித்துக்கொண்டான். முதலில் முகம் தெளியும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாகத் திரும்பும். 2018இல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு ஆணை போட்டும் கவுண்டரில் கொடுக்கத்தான் செய்கிறார்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், க்ளோபிட்டசால் என்ற பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன ஜெல் அல்லது மாத்திரை எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை என்றால் உதடும் கண்ணும்கூடக் காயும், லோஷன் போதாது, கெட்டியான கிரீமும் உதட்டுக்கு வாசலினும் வேண்டும். பெண் என்றால் அந்த மாத்திரை எடுக்கும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம்வரையும் கர்ப்பம் கூடவே கூடாது. உங்கள் டாக்டர் இதைச் சொல்லவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். மாத்திரை எதுவும் இல்லை, ஜெல் மட்டும்தான் என்றால் அதன் பெயரையும் போடுகிற நேரத்தையும் எழுதுங்கள், லோஷனை எப்போது போடுவது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.