பட்டனிலிருந்து ரெய்ஸ் வந்தால் பிளைண்டில் என்ன செய்வது?

கேள்வி: ஒன்ராறியோவில் இருக்கிறேன். ஆன்லைனில் ஆறு பேர் மேசை, 5/10 சென்ட் ஹோல்டெம் போக்கர் (ஸ்மால் பிளைண்ட் 5, பிக் பிளைண்ட் 10 சென்ட் முன்கூட்டியே கட்டாயமாகப் போட வேண்டும்). பட்டனில் (பிளைண்டுகளுக்கு முந்தைய இருக்கை) இருப்பவர்கள் ஓயாமல் ரெய்ஸ் செய்கிறார்கள் (பந்தயத்தை ஏற்றுகிறார்கள்). ஃபோல்டு செய்தால் (கையை விட்டால்) பிளைண்ட் போகிறது; கால் செய்தால் (அதே தொகையைப் போட்டால்) ஃப்ளாப்புக்குப் (மேசையில் விரியும் முதல் மூன்று சீட்டுகள்) பிறகு அதைவிட அதிகமாகப் போகிறது. டிராக்கரில் (ஆடிய கைகளைப் பதிந்து கணக்கிடும் மென்பொருள்) 100 கைக்கு பிக் பிளைண்டில் 58 பிபி (ஒரு பிபி என்பது ஒரு பிக் பிளைண்ட் தொகை), ஸ்மால் பிளைண்டில் 46 பிபி நஷ்டம் என்று காட்டுகிறது. பிக் பிளைண்டை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: நீங்கள் கேட்பது பிக் பிளைண்டைப் பற்றி. உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை ஸ்மால் பிளைண்டில் இருக்கிறது.

பிக் பிளைண்டில் வருகிற எல்லாக் கையையும், ஏஸ் ஜோடி உட்பட, கண்ணை மூடிக்கொண்டு ஃபோல்டு செய்தால் 100 கைக்கு 100 பிபி போகும். உங்களுக்குப் போனது 58. ஆடியதால் 42 மீண்டிருக்கிறது; இன்னும் மீட்கலாம், ஆனால் இது விபரீதமில்லை. ஸ்மால் பிளைண்டில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாலே நஷ்டம் 50தான். உங்களுக்கு 46. ஏஸ் ஜோடி, கிங் ஜோடி எல்லாம் வந்தும் மீண்டது வெறும் 4. நல்ல கைகள் கொண்டுவந்த பணத்தை வேறு கைகள் தின்றுவிட்டன. (மொத்தம் 30,000 கை ஆடியிருந்தாலும் ஓர் இருக்கைக்கு 5,000தான் தேறும். அதற்கும் குறைவென்றால் இந்த எண்களைப் பெரிதாக நம்ப வேண்டாம்.) பிளைண்டில் லாபம் பார்ப்பது இலக்கே இல்லை. நன்றாக ஆடுகிறவர்களும் அங்கே நஷ்டத்தில்தான் இருப்பார்கள்.

ஸ்மால் பிளைண்டில் தின்பது பெரும்பாலும் கால்தான். பட்டன் 25 சென்ட் ரெய்ஸ் செய்தால் நீங்கள் இன்னும் 20 போட வேண்டும். பாட்டில் (நடுவில் சேர்ந்த பணம்) 40 இருக்கிறது. 60-க்கு 20, அதாவது 33% வெல்லும் வாய்ப்பு தேவை. அதே ரெய்ஸுக்கு பிக் பிளைண்டில் 15 போட்டால் போதும். 55-க்கு 15, 27%. விலையும் மோசம், உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் ரெய்ஸ் செய்யவும் காத்திருக்கிறார், ஃப்ளாப் முதல் ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) வரை நீங்களே முதலில் பேச (முடிவெடுக்க) வேண்டும். இதற்கு மேல் ரேக் (தளம் எடுக்கும் பங்கு). பாட்டில் 5% என்பது சின்ன மேசைகளில் சாதாரணம். ஃப்ளாப் வருமுன் கை முடிந்தால் பெரும்பாலான தளங்கள் ரேக் எடுப்பதில்லை. அதனால் ஸ்மால் பிளைண்டில் த்ரீ-பெட் (ரெய்ஸுக்கு மேல் மறு ரெய்ஸ்) அல்லது ஃபோல்டு, இரண்டே வழி. 25 சென்ட் ரெய்ஸுக்கு 1 டாலர் போடுங்கள். கைகள்: 7 ஜோடி (7-7) முதல் மேலே எல்லா ஜோடியும், ஒரே சூட்டில் (ஒரே சின்னத்தில்) ஏஸ்-9 முதல், கிங்-10 முதல், குயின்-10 முதல், ஜாக்-10, கூடவே ஏஸ்-5, ஏஸ்-4, வேறு வேறு சூட்டில் ஏஸ்-ஜாக் முதல், கிங்-குயின். இது சுமார் 11%. 5 ஜோடியை ஃபோல்டு செய்ய மனசு வராது. செய்யுங்கள்.

இனி பிக் பிளைண்ட். இங்கே பலரும் செய்யும் தவறு, ரெய்ஸ் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கைகளோடு நிற்பது. 20 சென்ட் ரெய்ஸுக்கு உங்களுக்கு 22% போதும், 25-க்கு 27%, 30-க்கு 31%. ரேக்கையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு மேல் ஏறும். இடம் கெட்ட (எதிராளிக்கு முன்னால் பேச வேண்டிய) கைகள் காகிதத்தில் உள்ள பலத்தை முழுதாக எடுக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 38% பலமுள்ள வேறு சூட் கை அதில் முக்கால்வாசிக்கும் குறைவாக எடுத்தால் 27-ஐத் தொட்டு நின்றுவிடும். ஒரே சூட் கைகள் ஃபிளஷ் டிரா (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு சேரக் காத்திருக்கும் கை) வழியாக அதைவிட நன்றாகத் தேறும். அதனால்தான் கிங்-4 ஒரே சூட்டில் கால், வேறு சூட்டில் ஃபோல்டு.

பட்டனின் 25 சென்ட் ரெய்ஸுக்கு, த்ரீ-பெட்டையும் சேர்த்து, நிற்க வேண்டியவை: எல்லா ஜோடிகளும், ஒரே சூட்டில் எந்த ஏஸும், எந்த கிங்கும், குயின்-5 முதல், ஜாக்-7 முதல், அதற்குக் கீழே 10-7, 9-6, 8-6, 7-5, 6-4, 5-4 வரை, வேறு சூட்டில் ஏஸ்-8 முதல், ஏஸ்-5, கிங்-10, குயின்-10, ஜாக்-10 முதல். கிட்டத்தட்ட 32%. 20 சென்ட் என்றால் வேறு சூட்டில் எல்லா ஏஸும், கிங்-8, குயின்-9, ஜாக்-9, 10-9, 9-8-உம் சேரும். 30 சென்ட் என்றால், அல்லது ரெய்ஸ் கட்-ஆஃபிலிருந்து (பட்டனுக்கு முந்தைய இருக்கை) வந்தால், விளிம்பில் இருப்பவற்றை வெட்டுங்கள்: ஏஸ்-8, ஏஸ்-5, ஜாக்-10 வேறு சூட், ஒரே சூட்டில் குயின்-5 முதல் 7 வரை, 9-6.

இது போதுமா? பட்டன் 25 போட்டு 15-ஐத் திருடப் பார்க்கிறார். எந்தக் கையாலும் உடனடி லாபம் வர, நீங்கள் இருவரும் சேர்ந்து 62.5% ஃபோல்டு செய்ய வேண்டும். பிக் பிளைண்ட் 68%, ஸ்மால் பிளைண்ட் 89% விட்டால் இரண்டும் சேர்ந்து 60.5%தான் வருகிறது. குப்பைக் கையால் கண்மூடித் திருட முடியாது. ஸ்மால் பிளைண்டில் உட்கார்ந்திருப்பவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் அதையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை.

பிக் பிளைண்டிலிருந்து த்ரீ-பெட் 1.10 டாலர். 40 சென்ட் பாட்டுக்காக 1 டாலர் கூடுதலாகப் போடுகிறீர்கள்; வெறும் பிளஃபாக (பலமில்லாத கையால் மிரட்டல்) இருந்தால் 71% ஃபோல்டு வேண்டும். இந்த மேசைகளில் ரெய்ஸ் செய்தவர்கள் அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். எனவே 10 ஜோடி முதல், ஏஸ்-குயின் முதல், ஒரே சூட்டில் ஏஸ்-ஜாக், கிங்-குயின் என்று பணம் வாங்கும் கைகளோடு நில்லுங்கள். எதிராளி த்ரீ-பெட்டுக்கு 60%க்கு மேல் ஃபோல்டு செய்கிறார் என்று போதிய கைகளில் தெரிந்த பிறகு ஒரே சூட் ஏஸ்-5, ஏஸ்-4-ஐச் சேர்க்கலாம்; கால் வந்தாலும் அவற்றுக்குக் கொஞ்சம் உயிர் இருக்கும்.

கால் செய்தபின் அதிகமாகப் போகிறது என்றீர்கள். அது பெரும்பாலும் ஃப்ளாப்பில் எளிதாக விடுவதாலும் ரிவரில் விடாமல் பிடிப்பதாலும் வருவது. டைமண்ட் 8-7 வைத்துக் கால் செய்தீர்கள், பாட் 55 சென்ட். ஃப்ளாப் கிளப் 9, டைமண்ட் 6, ஸ்பேடு 2. செக் செய்கிறீர்கள் (எதுவும் போடாமல் விடுகிறீர்கள்), பட்டனில் இருப்பவர் 18 போடுகிறார். நான்கில் ஒரு முறை ஃபோல்டு கிடைத்தாலே அந்த பெட் அவருக்குக் கட்டுப்படியாகும். இங்கே 65-க்கு செக்-ரெய்ஸ் செய்யுங்கள். 73 சென்ட்டுக்காக 65 போடுவதால் 47% ஃபோல்டு போதும். அவர் கால் செய்தாலும் 10 அல்லது 5, எட்டுச் சீட்டுகள் ஸ்ட்ரெய்ட்டை (வரிசையாக ஐந்து சீட்டு) முடிக்கும், ரிவருக்குள் சுமார் 31%. இதே போர்டில் கையில் 6-6, 2-2, 9-6 வைத்தும் இதே அளவு ரெய்ஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் ரெய்ஸ் டிரா என்று தெரிந்துவிடும். ஃப்ளாப் ஏஸ்-கிங்-4 என்றால் 8-7-ஐ யோசிக்காமல் விடுங்கள். சின்ன பெட்டுக்கு எந்த ஜோடியாலும் ஒரு முறை கால் சரி. டர்னிலும் (நான்காவது சீட்டு) ரிவரிலும் பாட்டில் முக்கால் அளவு பெட் வந்தால் நடு ஜோடியை விடுங்கள். இந்த அளவு மேசையில் அது பிளஃபாக இருப்பது அரிது.

ஓயாமல் ரெய்ஸ் செய்பவருக்குப் பயந்து மேசை மாறாதீர்கள். நீங்கள் பிக் பிளைண்டில் இருக்கையில் பட்டனில் இருப்பவர் உங்களுக்கு வலப்புறம் இரண்டு இருக்கை தள்ளி இருக்கிறார். அவர் முதலில் பேசும் இருக்கைக்குப் போகையில் நீங்கள் கட்-ஆஃபில், அவருக்குப் பின்னால் பேசுவீர்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. மேலே சொன்ன கணக்குகளை விளையாட்டுச் சில்லுகளில்தான் பழக முடியும்.

டிராக்கரில் முதலில் ஸ்மால் பிளைண்ட், ஒரு ரெய்ஸுக்கு கால் என்று வடிகட்டிப் பாருங்கள். அங்கே 100 கைக்கு 50-ஐவிட அதிக நஷ்டம் காட்டும் கைகளை அடுத்த அமர்விலேயே நிறுத்துங்கள். பிக் பிளைண்டில் வேறு சூட் கைகளைத் தனியாக வடிகட்டுங்கள். அங்கே ஒப்பிட வேண்டிய எண் 100.