பழைய மோட்டார்ஹோமை வீட்டுக்கு ஓட்டிவரும் வழியில் பெட்ரோல் தகராறு வந்தால் எப்படிச் சமாளிப்பது?

ஐந்தாறு வருடம் ஓடாமல் நின்ற மோட்டார்ஹோமை, அதாவது சமையலறையெல்லாம் உள்ள நடமாடும் வீட்டு வண்டியை, வாங்கி 500 மைல் ஓட்டிவரப் போவதாகச் சொல்லி, வழியில் எஞ்சினுக்குப் பெட்ரோல் சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதே காரியத்தை நான் செய்திருக்கிறேன். அரிசோனா மாநிலம் கிங்மனில் வாங்கிய 1985ஆம் வருட வண்டியைக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் வரை ஓட்டிவர ஒன்றரை நாள் போதும் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள் ஆனது.

7.4 லிட்டர் வி8 எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச எஞ்சினின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பம்ப், பின் அச்சுக்கும் பின்னால் 40 கேலன் டேங்க். கேலனுக்கு 7 மைல், அதாவது லிட்டருக்கு 3 கிலோமீட்டர். டேங்கில் கால்வாசிக்குப் பழைய பெட்ரோல் கிடந்தது. டேங்க் எங்காவது ஒழுகினால் வீணாகுமே என்ற சிக்கனப் புத்தியில் 15 கேலன் மட்டும் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். என் தொல்லையில் பாதி அந்தச் சிக்கனத்தில் ஆரம்பித்தது.

ஏப்ரல் மாதம். கொலராடோ ஆற்றைத் தாண்டி நீடில்ஸ் ஊரைக் கடந்ததும் 40ஆம் எண் நெடுஞ்சாலை ஏறத் தொடங்குகிறது. ஊர் இருப்பது சுமார் 500 அடி உயரத்தில். சில மைல்களிலேயே சாலை 2,500 அடிக்கு மேல் போய்விடும். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது. காரில் பின்னால் வந்த என் மைத்துனர் இறங்கிவந்து, "அத்தான், இது வேப்பர் லாக்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகும்படி கலக்கப்படுகிறது. அது டேங்கில் இருக்கும்போதே வெயில் வந்துவிட்டால், எஞ்சினின் சூட்டில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்பால் திரவத்தைத் தள்ள முடியும். ஆவியைத் தள்ளத் தெரியாது. அதுதான் வேப்பர் லாக். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். வண்டியின் சமையலறை இழுப்பறையில் ஒரு கட்டு மரத் துணிக் கிளிப்புகள் கிடந்தன. பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டினால் சூடு குறையும் என்பது இங்குள்ள பழைய ஓட்டுநர்களின் நம்பிக்கை. மைத்துனர் பன்னிரண்டு மாட்டினார். முந்தைய உரிமையாளருக்கும் இந்த வியாதி பழக்கம்தான் என்பதை அந்தக் கட்டைப் பார்த்தபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஃபில்டரையும் கழற்றினோம். டம்ளரில் தட்டியபோது செம்மண் கரைசல் மாதிரி துரு கொட்டியது. நின்ற வண்டியில் இது சகஜம்: பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால், அது காற்றின் ஈரத்தை இழுத்து, நீரும் தானுமாகப் பிரிந்து அடியில் தங்கி, இரும்பு டேங்கை அரிக்கும். புது ஃபில்டர் போட்டதும் கிளம்பியது. வழியில் லட்லோ என்ற ஊரில், விலையைப் பார்க்காமல் டேங்கை நிரப்பினேன். அங்கிருந்து பார்ஸ்டோ வரை குதிரை மாதிரி ஓடியது. துருதான் காரணம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் விடியற்காலை, ஸ்வெட்டர் போட வேண்டிய குளிர். மொஹாவியைத் தாண்டி டெஹாச்சபி ஏற்றத்தில் மறுபடியும் அதே இருமல், அதே திணறல். குளிரில் பெட்ரோல் கொதிக்காது. ஆக, வேப்பர் லாக் இல்லை. ஃபில்டரும் சுத்தம். ஆனால் அது உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் ஃபில்டர் என்பதால் ஒன்று கண்ணில் பட்டது: மைத்துனர் எஞ்சினைச் சுழற்ற, பெட்ரோலோடு சோடா போலக் குமிழிகள் வந்தன. காற்று எங்கோ நுழைகிறது. மீட்டரைப் பார்த்தேன், முள் பாதியில். முதல் நாள் நின்றபோதும் முள் பாதிக்குக் கீழேதான் இருந்தது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். டேங்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாமல் போகலாம். பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது. அங்கே பெட்ரோல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் சுலபம். டேங்க் நிறைந்திருந்தால் பம்ப் அதிகம் இழுக்க வேண்டியதில்லை, வெடிப்பும் சும்மா இருக்கும். மட்டம் இறங்கி, ஏற்றத்தில் வண்டியின் மூக்கு நிமிர்ந்து, பின்னாலுள்ள டேங்க் இன்னும் தாழ்ந்துவிட்டால், பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும்.

எனவே அங்கே சாலையோரத்தில் எதையும் பிரிக்கவில்லை. விளக்குகளைச் சிமிட்டவிட்டு 25 மைல் வேகத்தில் டெஹாச்சபி ஊருக்குள் ஊர்ந்து போய் டேங்கை நிரப்பினேன். அதன்பிறகு வீடு வரும்வரை 100 மைலுக்கு ஒருமுறை நிரப்பினேன், எந்தக் கணவாயிலும் நிற்கவில்லை. ஒரு பெட்ரோல் நிலையத்தில், கேனிலிருந்து நேரடியாகக் கார்புரேட்டருக்குக் குழாய் விட்டு ஓட்டச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அப்படி யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். இத்தகைய வண்டிகளில் எஞ்சின் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே, ஒரு மூடிக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் சிந்துவது உங்கள் வீட்டுக் கூடத்தில்தான்.

அதே காரணத்தால், ஃபில்டரைத் தொடும் முன் எரிவாயு சிலிண்டரின் வால்வை மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் வெந்நீர் கொதிகலனிலும் சின்னச் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம். எஞ்சின் ஆறட்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஃபில்டரைப் புகைக்குழாயிலிருந்து தள்ளி, பம்புக்கு முன்னால் மட்டும் மாட்டுங்கள். வீடு வந்ததும் உலோக ஃபில்டருக்கு மாறிவிடுங்கள்.

இன்னும் இரண்டு சோதனை. கிளம்பும் முன், எஞ்சின் எண்ணெயின் அளவு பார்க்கும் கோலை முகர்ந்து பாருங்கள்; பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் உள்சவ்வு கிழிந்திருக்கலாம், அந்த வண்டியை ஓட்டாதீர்கள், லாரியில் ஏற்றிவாருங்கள். வழியில் எஞ்சின் நின்றால் முதலில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் உடனே கிளம்பினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது.

வீட்டில் டேங்கை இறக்கியபோது, அதன் தலையில் ஆறங்குல ஹோஸ் ஒன்று கிடைத்தது. வளைத்ததும் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி பிளந்தது. புது ஹோஸ் பத்து டாலருக்குள். டேங்கை இறக்கி ஏற்றிய கூலியைச் சொல்ல மாட்டேன், என் மனைவியும் இதைப் படிப்பாள். நீங்கள் வாங்கும் ஹோஸில் 30ஆர்9 (30R9) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலை அது தாங்கும்.

துணிக் கிளிப்புகள் பன்னிரண்டும் குழாயில் அப்படியே இருக்கின்றன. வண்டி இப்போது ஒழுங்காக ஓடுவதற்கு அவைதான் காரணம் என்று மைத்துனர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.